மாட்டுத்தாவணியில் ஒரு நாற்காலி!

வேலை தேடி அலைகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கையில் சர்டிபிகேட்டுகளை வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவார்கள்.

இப்போது இன்னொரு வகை ஆட்கள் அலைகிறார்கள். இவர்களுக்கு வேலை இருக்கிறது. மாதம் பிறந்தால் பாங்கியில் சம்பளம் வந்து விழுகிறது. ஆனால் அந்த வேலையைச் செய்ய உட்கார இடம் இல்லை!

வேடிக்கையாக இருக்கிறதா? மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் போய்ப் பார்த்தால் வேடிக்கை இல்லை என்பது புரியும்.

ஓட்டலில் ஒரு காபிக்குச் சொல்லிவிட்டு, அதை ஆறவிட்டு, லேப்டாப்பைத் திறந்து வைத்திருப்பார் ஒரு வாலிபர். சர்வர் இரண்டு தடவை வந்து, "சார், வேற ஏதாச்சும்?" என்பார். "எப்போது எழுந்திருப்பீர்கள்?" என்பதுதான் அதற்கு அர்த்தம். மூன்றாவது தடவை பில் வந்துவிடும்!

அந்த வாலிபர் நாகர்கோவிலில் இருந்து வந்த ஜூனியர் வக்கீலாக இருக்கலாம். வெளிநாட்டுக் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறவராக இருக்கலாம். பத்துக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் அவருக்கு வேண்டியது நாலே நாலு: ஒரு மேஜை, ஒரு நாற்காலி, நிற்காத மின்சாரம், அறுந்து போகாத இன்டர்நெட்.

இந்த நாலையும் வாடகைக்கு விடுகிற தொழில் ஒன்று வந்திருக்கிறது. "கோ-வொர்க்கிங்" என்று போர்டு போட்டிருப்பார்கள். "பகிர்ந்த பணியிடம்" என்று சர்க்கார் சொல்கிறது. "கூட்டு ஆபீஸ்" என்று நாம் சொல்லலாம். கூட்டுக் குடும்பம் மாதிரி கூட்டு ஆபீஸ்!

மாடு போய் பஸ் வந்தது

மாட்டுத்தாவணி என்ற பெயருக்கும் பெண்கள் உடுத்தும் தாவணிக்கும் சம்பந்தம் இல்லை. மாடுகளை வரிசையாகக் கட்டிப்போடும் நீளக் கயிற்றுக்குத் தாவணி என்று பெயர். அப்படிக் கட்டி விற்கிற சந்தைக்கும் அதுவே பெயர் ஆயிற்று.

மாடு போய்விட்டது. பெயர் நின்றுவிட்டது.

1999-ம் ஆண்டில் இங்கே பெரிய பஸ் நிலையம் வந்தது. எம்.ஜி.ஆர். பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் கண்டக்டர் கூப்பிடுவது, "மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணி" என்றுதான். திருநெல்வேலி, நாகர்கோவில், திருச்சி, தஞ்சாவூர், ராமேசுவரம், சென்னை எல்லாவற்றுக்கும் இங்கே பஸ். தேனி, திண்டுக்கல், கோவைக்குப் போகிறவர்கள் மட்டும் ஆரப்பாளையம் போக வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மீனாட்சி அம்மன் கோவில் பக்கம் நெருக்கடியில் தவித்த சென்டிரல் மார்க்கெட் இங்கே வந்தது. பூ மார்க்கெட் இருக்கிறது. மேலூர் ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஐகோர்ட்டு மதுரைக் கிளை. 2004-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி திறந்தது. இன்னொரு பக்கம் இலந்தைகுளத்தில் எல்காட் ஸ்தாபனத்தின் கம்ப்யூட்டர் பேட்டை.

ஆக, காய்கறி வியாபாரி, பூ வியாபாரி, வக்கீல், கம்ப்யூட்டர்காரர் எல்லோரும் வந்து இறங்குகிற இடம் ஒன்றுதான். இதில் வியாபாரிக்கு மண்டி இருக்கிறது. பூ கொண்டு வருகிற விவசாயி கடை வாடகைக்குப் பிடிப்பதில்லை. கமிஷன் கடையில் மூட்டையை இறக்குகிறார், விற்றதில் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியை வாங்கிப் போகிறார். இடத்தைப் பங்கு போட்டுக்கொள்வது பூக்காரருக்குப் புதுசு இல்லை. கம்ப்யூட்டர்காரருக்குத்தான் புதுசு!

கம்பெனிக்கு மாடி, தனி ஆளுக்கு?

மாட்டுத்தாவணியில் டைடல் பார்க் கட்ட 2025 பிப்ரவரி 18-ந் தேதி அடிக்கல் நாட்டினார்கள். 314 கோடி ரூபாய்த் திட்டம். 12 மாடி. 5 லட்சத்து 34 ஆயிரம் சதுர அடி. மதுரைப் பிள்ளைகள் வேலைக்காக பெங்களூருக்கும் சென்னைக்கும் ரயில் ஏறுவது குறையும் என்பதே இதன் நோக்கம். நல்ல காரியம்தான்.

ஆனால் இப்படிப்பட்ட பெரிய கட்டிடங்களில் இடம் பிடிக்கிறவை கம்பெனிகள். நூறு பேர், இருநூறு பேர் உட்காருகிற மாதிரி மொத்தமாக எடுப்பார்கள். ஒரே ஒரு நாற்காலி வேண்டும் என்கிறவர் அங்கே போய்க் கேட்க முடியுமா? மண்டியில் போய் அரைக் கிலோ வெங்காயம் கேட்டமாதிரி இருக்கும்!

அந்த அரைக் கிலோ ஆட்களின் கதையைத்தான் பார்க்கிறோம்.

"சும்மாதானே உட்கார்ந்திருக்க?"

"வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தால் என்ன?" என்று கேட்கலாம்.

2020-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு போட்டபோது எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். வெளியூரில் இருந்த பிள்ளைகள் லேப்டாப்போடு சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். திண்ணை ஆபீஸ் ஆயிற்று. நோய் அடங்கியது, சில கம்பெனிகள் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டன. சில, "அங்கே இருந்தே பாருங்கள்" என்று விட்டுவிட்டன. கம்பெனிக்கு வாடகை மிச்சம் அல்லவா?

கம்பெனிக்கு மிச்சம். வீட்டுக்கு?

மேலூர்ப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹால், ஒரு சமையல் அறை, பின்னால் மாட்டுக் கொட்டகை. வீட்டில் ஐந்து பேர். மூத்த பெண் பி.காம். படித்தவள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தே கணக்குப் பார்க்கிறாள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற முதல் ஆள் அவள்தான்.

காலை 10 மணிக்கு மீட்டிங். லேப்டாப் திரையில் எட்டுப் பேர் முகம் தெரிகிறது. மானேஜர் அவளிடம் ஒரு கணக்கைப் பற்றிக் கேட்கிறார். அந்த நேரம் பார்த்துக் கிரைண்டர் ஓடுகிறது. அப்பத்தா இருமுகிறாள். தெருவில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு பழ வண்டி வருகிறது.

"ஏத்தா! சும்மாதானே உட்கார்ந்திருக்க? பால் பொங்குது, இறக்கி வையி!"

அம்மாவின் குரல். எட்டுப் பேரும் கேட்கிறார்கள்!

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. வயலில் இறங்கிக் களை எடுத்தால் அது வேலை. நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி எடுத்துப் போனால் அது வேலை. பெற்ற பெண் நாற்காலியில் சாய்ந்து ஒரு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது வேலை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இதுவே மகனாக இருந்தால், "தம்பி வேலை பாக்குது, டி.வி.யைக் குறைங்க" என்று அதட்டியிருப்பாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு தடவை லைன் அறுந்தால் மானேஜர் பொறுத்துக்கொள்வார். இரண்டாவது தடவை முகம் சுளிப்பார். மூன்றாவது தடவை வேலையே அறுந்துவிடும்! அப்புறம் அந்தப் பெண்ணுக்கு இரண்டே வழி. வேலையை விட வேண்டும். இல்லாவிட்டால் சென்னைக்குப் போய் ஆஸ்டலில் தங்க வேண்டும். ஆஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தது போக, ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும்?

மேலூரில் பஸ் ஏறினால் மாட்டுத்தாவணி. நடுவில் ஒரு மாறுதல் கூடக் கிடையாது. அங்கே அவளுக்கு ஒரு நாற்காலி கிடைத்துவிட்டால் வேலையும் தங்கும், பெண்ணும் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுவாள்.

தூணுக்குத் தூண் ஒரு கடை

கூட்டு ஆபீஸ் ஏதோ அமெரிக்காவில் இருந்து வந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். மதுரைக்காரர்கள் பார்த்த காட்சிதான்.

மீனாட்சி அம்மன் கோவில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம். திருமலை நாயக்கர் 17-ம் நூற்றாண்டில் கட்டியது. வசந்த விழாவுக்காகக் கட்டிய அந்த மண்டபத்தில் பிற்காலத்தில் தூணுக்குத் தூண் கடைகள் வந்தன. பாத்திரக் கடை, வளையல் கடை, புத்தகக் கடை. வரிசையாகத் தையல் மிஷின்கள். யாளியின் காலடியில் தையல்காரர். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு வேண்டுதல் செய்கிறவர்களின் உடையெல்லாம் அங்கேதான் தைக்கக் கொடுப்பார்கள். ஒருவர் கடையில் நூல் தீர்ந்தால் அடுத்த தூணில் வாங்கிக்கொள்ளலாம். ஒருவருக்கு வேலை அதிகமானால் பக்கத்து மிஷினுக்குத் தள்ளிவிடலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், சிற்பங்களைக் காப்பதற்காகக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். மண்டபம் மூச்சு விட்டது. பல ஆண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்த தையல்காரருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கும்.

லண்டனிலும் இப்படி ஒன்று நடந்தது. 1680-களில் எட்வர்டு லாயிடு என்பவர் ஒரு காபிக் கடை வைத்திருந்தார். கப்பல் முதலாளிகளும் மாலுமிகளும் வியாபாரிகளும் அங்கே வந்து உட்காருவார்கள். எந்தக் கப்பல் எங்கே போயிற்று, எது மூழ்கிற்று என்ற செய்தியெல்லாம் அங்கே கிடைக்கும். காபி குடித்துக்கொண்டே கப்பலுக்கு இன்சூரன்ஸ் எழுதினார்கள். அந்தக் காபிக் கடைப் பெயர்தான் "லாயிட்ஸ்" என்று இன்றும் உலகமெங்கும் இன்சூரன்ஸ் துறையில் நிலைத்திருக்கிறது. லாயிடு துரை, "எப்போது எழுந்திருப்பீர்கள்?" என்று சர்வரை விட்டுக் கேட்கவில்லை!

இன்றைய கூட்டு ஆபீசுக்கு வழி காட்டியவர் பிராட் நியூபெர்க் என்ற அமெரிக்கர். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர். தனியாக வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தால் பேச்சுத் துணை இல்லை. கம்பெனியில் சேர்ந்தால் சுதந்திரம் இல்லை. என்ன செய்வது? 2005 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு பொது வீட்டை வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வாடகைக்கு எடுத்தார். மடக்கு மேஜைகளைப் போட்டார். "வந்து உட்காருங்கள்" என்று அழைத்தார்.

முதல் மாதம் ஒருவரும் வரவில்லை! மனிதர் சளைக்கவில்லை. காபிக் கடைகளில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறவர்களிடம் நோட்டீசு கொடுத்தார். பிறகுதான் ஆள் வந்தது. அந்த இரண்டு நாள் ஆபீஸ்தான் இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது.

சீசன் டிக்கெட் மாதிரி

சரி, கூட்டு ஆபீசில் எப்படிச் சேருவது? சீசன் டிக்கெட்டை நினைத்துக்கொண்டால் போதும்.

சீசன் டிக்கெட் வாங்கியவர் ரயிலில் போகலாம். "ஜன்னலோரம் என் பெயரில் எழுதியிருக்கிறது" என்று சண்டை போட முடியாது. கூட்டு ஆபீசில் மலிவான சீட்டு இந்த ரகம். காலியாக இருக்கிற நாற்காலியில் உட்கார வேண்டும். சாயங்காலம் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். இன்னும் கொஞ்சம் கொடுத்தால் குறிப்பிட்ட மேஜையும் பூட்டு போட்ட டிராயரும் உங்களுக்கே. அதற்கும் மேலே கொடுத்தால் கண்ணாடித் தடுப்பு வைத்த தனி அறை. ஒரு நாளைக்கும் எடுக்கலாம், ஒரு மாதத்துக்கும் எடுக்கலாம்.

தனியாகக் கடை அறை பிடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 8 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால், மூன்று மாத அட்வான்ஸ் 24 ஆயிரம். மேஜை, நாற்காலி, பேன், பாட்டரி யு.பி.எஸ்., இன்டர்நெட் இணைப்பு எல்லாம் உங்கள் கைக்காசு. மின்சாரத்துக்கு வீட்டுக் கட்டணம் இல்லை, கடைக் கட்டணம். கூட்டிப் பெருக்க ஒரு ஆள். வேலை பார்க்கிறவர் ஒருத்தர். அவருக்கு இத்தனை சீர் வரிசை!

அட்வான்ஸ் பற்றி ஒரு சேதி. எழுத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. 2019 பிப்ரவரியில் அது அமலுக்கு வந்தது. "பத்து மாதம் கொடு" என்கிறவரிடம் இதை மெதுவாக எடுத்துச் சொல்லலாம்.

கூட்டு ஆபீசில் அந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் சொன்ன தொகையோடு நூற்றுக்கு 18 ரூபாய் ஜி.எஸ்.டி. சேரும், அதையும் சேர்த்துத்தான் என்ன தொகை என்று கேட்க வேண்டும். சொந்தமாகத் தொழில் செய்கிறவர், "இந்த விலாசத்தில் என் தொழிலைப் பதிவு செய்ய எழுத்து மூலம் சம்மதம் கொடுப்பீர்களா?" என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். அவசரப்பட வேண்டாம். இந்தத் தொழிலில் பெயர் பெற்ற பெரிய கம்பெனி "வி ஒர்க்". 2010-ல் நியூயார்க்கில் தொடங்கியது. 2019-ல் அதன் மதிப்பு 4,700 கோடி டாலர் என்றார்கள். 2023 நவம்பரில் அதே கம்பெனி கோர்ட்டில் திவால் மனு கொடுத்தது! அடுத்த வருஷம் கடனைத் தீர்வு செய்துகொண்டு எழுந்து நின்றது என்பது வேறு விஷயம். நீளக் குத்தகைக்கு எடுத்து, மாதக் கணக்கில் சில்லறைக்கு விடுகிற தொழில் இது. ஆள் குறைந்தாலும் கட்டிடத்து வாடகை நிற்காது. அந்த ஆபத்தில் நம் அட்வான்சும் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா?

கொளத்தூரில் 50 ரூபாய்

தனியார் கூட்டு ஆபீஸ் கட்டணம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. இதற்குச் சென்னையில் ஒரு வழி கண்டார்கள்.

கொளத்தூரில் 2024 நவம்பர் 4-ந் தேதி "முதல்வர் படைப்பகம்" என்று ஒரு கட்டிடம் திறந்தார்கள். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 2 கோடியே 85 லட்சம் ரூபாயில் கட்டியது. கீழே 38 பேர் உட்கார்ந்து வேலை பார்க்க இடம். ஆலோசனை நடத்தத் தனி அறைகள். முதல் மாடியில் 51 மாணவர்கள் படிக்க இடம். அதற்கு மேலே உட்கார்ந்து சாப்பிட இடம். திறந்தபோது அரை நாளைக்கு 50 ரூபாய், முழு நாளைக்கு 100 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள்.

அரை நாளைக்கு 50 ரூபாய்! ஓட்டலில் இரண்டு காபியும் ஒரு வடையும் சாப்பிட்டால் ஆகிற செலவு. சர்வர் வந்து பார்க்கவும் மாட்டார்!

பஸ் நிலையத்தில் இலவசமாகக் கிடைப்பது மர நிழல் மட்டும் என்று இருக்க வேண்டியதில்லை. இத்தனை ஊர் ஜனங்கள் வந்து இறங்குகிற மாட்டுத்தாவணி போன்ற இடங்களில்தான் இப்படிப்பட்ட 38 நாற்காலிகள் முதலில் வந்திருக்க வேண்டும். 2021 மே மாதத்தில் டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆயிற்று. பஸ்சில் ஏறுவது எளிதாகிவிட்டது. இறங்கிய இடத்தில் உட்காருவதும் எளிதானால் எத்தனை வீடுகளில் சம்பளம் நிற்காமல் வரும்!

பேசக் கூடாத இடம்

"மதுரையில்தான் பெரிய லைப்ரரி இருக்கிறதே?" என்று சிலர் கேட்பார்கள்.

இருக்கிறது. 2023 ஜூலை 15-ந் தேதி புது நத்தம் ரோட்டில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல் இடம். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தனிப் பகுதி. காசு கிடையாது. பரீட்சைக்குப் படிக்கிறவருக்கும், கட்டுரை எழுதுகிறவருக்கும், மொழிபெயர்க்கிறவருக்கும் அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஆனால் லைப்ரரியில் பேசக் கூடாது. பேசித்தான் ஆக வேண்டிய வேலைகள் இருக்கின்றனவே! மானேஜர் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். கட்சிக்காரர் போன் செய்தால் வக்கீல் எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு அது இடம் இல்லை.

வக்கீல்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. கட்சிக்காரரின் ரகசியத்தைப் பத்துப் பேர் காதில் விழப் பேச முடியாது. பொது மேஜையில் கேஸ் கட்டை விரித்து வைத்துவிட்டுக் கை கழுவப் போக முடியாது. ஐகோர்ட்டு வேலையாக வருகிற ஜூனியர்கள் மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிற சின்ன அறை உண்டா என்று கேட்டு எடுப்பது நல்லது.

தின்பண்டம் செய்து விற்கிறவருக்கும், சிறுதானிய மாவு அரைத்துப் பொட்டலம் போடுகிறவருக்கும் நாற்காலி கிடைத்துப் பயன் இல்லை. அவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி, ஒத்தக்கடைப் பக்கத்து வேளாண்மைக் கல்லூரிக்குப் போக வேண்டும். 1965-ல் தொடங்கிய கல்லூரி. அங்கே விவசாயப் பொருள்களில் புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு உதவுவதற்கென்றே ஒரு மையம் வைத்திருக்கிறார்கள். வக்கீலுக்குச் சின்ன அறை, பலகாரம் செய்கிறவருக்கு மிஷின். எல்லாம் ஒரே மேலூர் ரோட்டில்தான்!

அப்பா கேட்கிற கேள்வி

மேலூர்ப் பெண்ணுக்கு வருவோம். அவள் மாட்டுத்தாவணிப் பக்கம், கே.கே. நகர், அண்ணா நகர் என்று விசாரித்து ஒரு கூட்டு ஆபீசைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் சொல்கிறாள். அப்பா என்ன கேட்பார்?

"அங்கே யார் யார் வருவாக? ஆம்பளைகளும் உக்காந்திருப்பாகளா?"

இது பழங்காலத்துக் கேள்வி என்று சிரித்துவிடக் கூடாது. ஒரே கம்பெனி ஆபீசில் எல்லோருக்கும் ஒரு முதலாளி இருப்பார். தப்பு நடந்தால் அவரிடம் போகலாம். கூட்டு ஆபீசில் இருபது பேர் இருந்தால் இருபது முதலாளிகள்! யாரிடம் போவது?

சட்டம் இருக்கிறது. வேலை செய்கிற இடத்தில் பெண்களுக்குத் தொல்லை கொடுப்பதைத் தடுக்க 2013-ல் சட்டம் வந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஸ்தாபனத்தில் புகார்க் குழு வைத்தாக வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால், மாவட்ட அளவில் அமைந்த குழுவிடம் புகார் கொடுக்கலாம். அந்தக் குழுவின் விலாசத்தை எழுதி ஒட்டியிருக்கிறார்களா என்று முதல் நாளே சுவரைப் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சட்டத்தைவிடச் சின்ன விஷயங்கள் சில உண்டு. அவற்றையும் கேட்க வேண்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா? அதன் சாவி ஆண் ஊழியரிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதா? மாடிப் படியில் விளக்கு எரிகிறதா? சாயங்காலம் ஏழு மணிக்குப் பிறகு கீழே கடைகள் திறந்திருக்கின்றனவா? அப்பாவையே ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆட்கள் தலை நிமிராமல் வேலை பார்ப்பதை அவர் கண்ணால் பார்ப்பார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும், "சும்மாதானே உட்கார்ந்திருக்க?" என்று கேட்கமாட்டார்கள்!

ராத்திரி ஆபீஸ்

அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர்களின் பாடு தனி. நியூயார்க்கில் காலை 9 மணி அடிக்கும்போது மதுரையில் மாலை ஆறரை மணி. அங்கே குளிர்காலம் என்றால் ஏழரை. அங்கே ஆபீஸ் திறக்கும்போது இங்கே கூட்டு ஆபீஸ் பூட்டுகிறார்கள்! "24 மணி நேரமும் திறந்திருக்கும்" என்று போர்டில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஷட்டரைத் திறந்து விட ஆள் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும்.

இந்த விஷயத்தில் மாட்டுத்தாவணிக்கு ஈடு இல்லை. இங்கே பஸ்சுக்கு ராத்திரி கிடையாது. டீக்கடைக்குத் தூக்கம் கிடையாது. விடிவதற்கு முன்பே பூ மார்க்கெட்டுக்கு மூட்டைகள் வந்து இறங்கும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி அது. நியூயார்க் வேலையை முடித்துவிட்டு இறங்குகிற வாலிபருக்கு டீயும் கிடைக்கும், ஊருக்குப் போக பஸ்சும் கிடைக்கும். வேறு பேட்டைகளில் அந்த நேரத்தில் நாய் மட்டும்தான் விழித்திருக்கும்!

மின்சாரம் நின்றால்?

கடைசியாக, இடத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு யுக்தி இருக்கிறது.

கூட்டு ஆபீஸ்காரர் எல்லோரும், "கரண்டு போகாது சார், யு.பி.எஸ். இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு" என்பார்கள். இன்டர்நெட்டும் அப்படித்தான், "மின்னல் வேகம்" என்பார்கள். இரண்டு வேறு கம்பெனிகளின் லைன் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்று அறுந்தால் மற்றது தாங்கும். ஒரே கம்பெனியின் இரண்டு லைன் இருந்து பிரயோசனம் இல்லை. ரோட்டில் பள்ளம் தோண்டுகிறவர் இரண்டையும் சேர்த்தே வெட்டிவிடுவார்!

இதையெல்லாம் வாய்ப் பேச்சில் நம்ப வேண்டாம். பராமரிப்பு வேலைக்காக மின்வாரியம் ஒவ்வொரு துணை மின்நிலையமாகப் பகலில் மின்சாரத்தை நிறுத்தும். எந்த எந்தத் தெருவில் நிற்கும் என்று முதல் நாளே பத்திரிகையில் வந்துவிடும். மாட்டுத்தாவணி வட்டாரத்துக்கு என்றைக்கு என்று பாருங்கள். அன்றைக்கு ஒரு நாள் டிக்கெட் மட்டும் வாங்கிக்கொண்டு, காலையில் போய் உட்காருங்கள். மானேஜரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பேச்சு அறுகிறதா, பேன் நிற்கிறதா, ஜெனரேட்டர் சத்தத்தில் காது அடைக்கிறதா என்று பாருங்கள். சாயங்காலம் வரைக்கும் தாங்கினால் மறுநாள் மாதச் சீட்டுக்குப் பணம் கட்டலாம்.